கபர்லுன்யி என்றால் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்டர் ஸ்காட்டின் நாவல்களையோ பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களையோ கையில் எடுப்பவர்கள், எங்காவது ஓரிடத்தில் இந்தச் சொல்லில் தடுக்கி விழுவார்கள். கபர்லுன்யி. நண்பர்கள் சிலர் அப்படி விழுந்து எழுந்து என்னிடம் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறேன்.

யார் இந்தக் கபர்லுன்யி?

ஊர் ஊராகப் போய், வாசலில் நின்று வாங்கிப் பிழைத்தவர். ஸ்காட்லாந்தின் சமவெளிப் பகுதியில் பேசும் ஸ்காட்ஸ் மொழிச் சொல் இது. அகராதியைப் புரட்டினால் 'பிச்சைக்காரன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தப்பில்லை, ஆனால் போதாது. கோயில் வாசலில் உட்கார்ந்தபடி கை நீட்டுகிறவர் இல்லை இவர். நடக்கிறவர். எந்தப் பண்ணையில் எப்போது நுழைய வேண்டும், எந்த வீட்டு அம்மாள் கை தாராளம், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று ஒரு சுற்று முழுக்க மனப்பாடமாக வைத்திருப்பார். கையில் நீளமான தடி, தோளில் மாவுப் பைகள், நாக்கில் நாலு ஊர்ச் செய்தி. அந்த நாக்குதான் அவருடைய முதல்.

ஆங்கில எழுத்தில் பார்த்தால் நடுவே 'இசட்' இருக்கிறதே? 'கபர்லுன்சி' என்றல்லவா படிக்க வேண்டும்?

அப்படிப் படிப்பவர்களும் இப்போது உண்டு. ஆனால் அந்த இசட் பிறப்பால் இசட் இல்லை. பழைய ஸ்காட்ஸில் 'யோக்' என்று ஓர் எழுத்து இருந்தது. கிட்டத்தட்ட நம் 'ய'கரத்தின் வேலையைச் செய்தது. ஸ்காட்லாந்துக்கு அச்சுக்கூடம் வந்தது 1508-ஐ ஒட்டி. அச்சுக்கோப்பவர்களின் பெட்டியில் யோக்குக்கு அச்சு இல்லை. பார்வைக்கு அதன் சாயலில் இருந்தது இசட். அதை எடுத்துச் செருகிவிட்டார்கள். பிறகு வந்த தலைமுறைகள் கண்ணில் பட்டதை வாயால் சொல்ல ஆரம்பித்தன.

'மென்சீஸ்' என்று எழுதும் குடும்பப் பெயரை ஸ்காட்லாந்தில் 'மிங்கிஸ்' என்று சொல்வதும் இதனால்தான். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சீஸுக்கு 'மிங்' என்று பட்டப்பெயர் வந்தது அந்த வழியில். 'டால்சீல்' என்று எழுதிவிட்டு 'டீயெல்' என்பார்கள். நம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட்டையும் எச்சையும் சேர்த்துப் போட்டுவிட்டு, வடக்கே யாராவது 'தமிஸ்' என்று வாசித்தால் சிரிக்கிறோமே, கிட்டத்தட்ட அந்தக் கூத்துதான். அவர்களுக்கு ஐந்நூறு வருஷமாக நடக்கிறது.

சொல்லின் மூலம் என்ன?

அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. இடுப்பைக் குறிக்கும் 'லுன்யி' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. பழைய பாட்டில் 'கபர்லுன்யியைச் சுமந்துகொண்டு' என்று ஒரு வரி வருகிறது. அப்படியானால் முதலில் அது பையின் பெயர், பையிலிருந்துதான் ஆளுக்குத் தாவியிருக்கிறது என்று படுகிறது.

நீல அங்கிக்காரர் என்றும் படித்தேனே, இரண்டும் ஒன்றா?

இல்லை, ஆனால் ஒன்றாகவே குழப்பிக்கொள்வார்கள். கபர்லுன்யி பொதுப்பெயர், சுற்றித் திரிந்து இரப்பவர் யாருக்கும் பொருந்தும். அவர்களுக்குள் அடுக்குகள் இருந்தன.

ஒரு கூட்டத்துக்கு ஊர்த் தேவாலய நிர்வாகம் ஈயத்தில் செய்த அடையாள வில்லை ஒன்று கொடுத்திருக்கும். 'இவன் நம் ஊர் ஏழை, இந்த எல்லைக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்' என்பது அதன் பொருள். எல்லையைத் தாண்டினால் வில்லை செல்லாது. இன்னொரு கூட்டத்திடம் எதுவும் கிடையாது. சட்டப்படி அவர்கள் எங்கும் நிற்கக் கூடாது. ஆனால் எங்கும் நின்றார்கள்.

மூன்றாவது கூட்டம்தான் நீல அங்கிக்காரர்கள். அரசரின் பீட்ஸ்மன்கள் என்பது அவர்களுடைய ஆவணப்பெயர். 'பீட்' என்றால் ஜெபம். ஜெபமாலை மணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதன் வழியில் வந்ததே. அரசரின் நலத்துக்காக ஜெபிப்பார்கள், அரசர் அவர்களுக்குப் படியளப்பார். கத்தோலிக்கக் காலத்து வழக்கம். 1560-ல் ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட் ஆன பிறகும், ஏனோ இதை மட்டும் யாரும் தொடவில்லை. இவர்களுக்கும் மார்பில் ஒரு வில்லை உண்டு. பியூட்டர் எனப்படும் ஈயக் கலவையில் செய்தது. 'போகலாம், திரும்பி வரலாம்' என்ற பொருளில் அதில் வாசகம் பொறித்திருக்கும். மற்றவர்களுக்கு ஊர் எல்லைதான் எல்லை. நீல அங்கிக்காரருக்கு ஸ்காட்லாந்து முழுக்கச் சொந்தம். பிச்சைக்கு எதிரான சட்டம் எதுவும் அவரைத் தீண்டாது.

அரசர் பிறந்தநாளில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. அரசருக்கு எத்தனை வயதோ அத்தனை பீட்ஸ்மன்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பட்டியலில் ஓர் ஆள் கூடுவார். அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் வெளிர்நீல முரட்டுத்துணியில் ஒரு புது அங்கி. கூடவே தோலால் ஆன சுருக்குப்பை. பைக்குள் அரசரின் வயதுக்குச் சமமான எண்ணிக்கையில் ஸ்காட்லாந்து ஷில்லிங். ஷில்லிங் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்துப் பணம் மதிப்பிழந்து மதிப்பிழந்து, அதன் ஒரு ஷில்லிங் ஆங்கிலப் பணத்தில் ஒரு பென்னி என்ற இடத்துக்கு வந்து நின்றிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1738-ல் பிறந்த மூன்றாம் ஜார்ஜ் 1816-ல் 78 வயதை எட்டினார். 78 ஆட்கள், ஆளுக்கு 78 பென்னி. அதாவது ஒருவர் கைக்கு ஆறரை ஷில்லிங். மொத்தம் 6,084 பென்னி. 25 பவுண்டும் 7 ஷில்லிங்கும். அரசருக்கு ஒரு வயது ஏறினால் ஆளும் கூடுவார், ஆளுக்கான காசும் கூடும். செலவு வயதின் வர்க்கமாக ஏறும். கஜானாக்காரர் இதைக் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆக, 'மகாராஜா நூறாண்டு வாழ வேண்டும்' என்று இவர்கள் ஜெபித்தது வாயளவில் இல்லை. ராஜா ஒரு வருஷம் கூட இருந்தால் பையில் ஒரு காசு கூடும். ஸ்காட்டும் இதைச் சொல்லிக் கண்சிமிட்டியிருக்கிறார்.

அங்கியும் காசும் கொடுக்கும் அன்று அரசவைப் பாதிரியார் ஒருவர் பிரசங்கம் செய்வார். உலகத்திலேயே இவர்களைப் போலப் பொறுமையில்லாத, காதே கொடுக்காத கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று அப்படிப் பிரசங்கித்த ஒருவர் நொந்துகொண்டதை ஸ்காட் பதிவு செய்திருக்கிறார். தாங்கள் ஜெபிக்கத்தான் சம்பளம், அடுத்தவர் ஜெபத்தைக் கேட்பதற்கு இல்லை என்று நினைத்திருக்கலாம் என்கிறார். அல்லது பிரசங்கம் முடிந்ததும் வரும் ரொட்டி, ஏல் பீர் மேல் கண் இருந்திருக்கும். வெளிர்நீலத்தில் வரிசை வரிசையாக எழுபத்தெட்டுக் கிழவர்கள், கண்ணெல்லாம் கதவுப் பக்கம்.

இங்கிலாந்தில் இப்படி உண்டா?

ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை அரசர் வழங்கும் மாண்டி காசு இதற்குப் பங்காளி முறை. வயதுக்கு ஏற்ப ஆட்கள், வயதுக்கு ஏற்பப் பென்னி என்ற அதே கணக்கு. அது இன்னும் நடக்கிறது.

சட்டம் இவர்களை எப்படி நடத்தியது?

அங்கி இல்லாதவரைக் கொடூரமாக. 1425-ல் முதலாம் ஜேம்ஸ் காலத்துச் சட்டம், 14 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்ட எவரும், பிழைக்க வேறு வழியில்லை என்று அதிகாரிகள் பார்த்து அடையாளம் தந்தாலன்றிப் பிச்சை எடுக்கக் கூடாது என்றது. மீறினால் கன்னத்தில் சூடு, பிறகு நாடு கடத்தல். 1579-ன் சட்டத்தில் சவுக்கடியும், காதைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைப்பதும் வந்தன.

அந்த 1579 சட்டத்தில் யார் யார் நாடோடி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கண்கட்டு வித்தை செய்பவர்கள், குறி சொல்பவர்கள், பாட்டுப் பாடித் திரிபவர்கள் என்று போய்க்கொண்டே இருக்கும்போது, செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்தீன் பல்கலைக்கழகங்களிலிருந்து அனுமதிச்சீட்டு இல்லாமல் கிளம்பிவிட்ட மாணவர்களும் வந்து நிற்கிறார்கள். விடுமுறையில் வாசல் வாசலாகக் கேட்டுப் படித்த பிள்ளைகள் அத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், சட்டத்தில் பெயர் சொல்லித் தடுக்கும் அளவுக்கு.

கேட்கும் முறையை வைத்தும் சட்டம் பிரித்தது. 'திக்கர்' என்றால் பணிந்து கேட்பவர். 'சார்னர்' என்றால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, சாப்பாடு போட்டால்தான் எழுந்திருப்பேன் என்று மிரட்டுபவர். கபர்லுன்யி முதல் வகையில் சேர்ந்தவர். குறைந்தது, அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்வார்.

இத்தனை சட்டம் இருந்தும் ஜனங்கள் ஏன் கொடுத்தார்கள்?

மதம் ஒரு காரணம். பழக்கம் இன்னொன்று. கொடுக்காவிட்டால் அடுத்த பத்துப் பண்ணைகளிலும் உங்கள் பெயரை அந்த நாக்கு என்ன பாடு படுத்தும் என்ற பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொடுத்ததோ காசு இல்லை, ஓட்ஸ் மாவு. இங்கிலாந்தில் குதிரைக்குப் போடும் தானியம், ஸ்காட்லாந்தில் மக்களைத் தாங்குகிறது என்று சாமுவேல் ஜான்சன் 1755-ன் தன் அகராதியிலேயே குத்தியிருப்பாரே, அந்த ஓட்ஸ்தான். இரண்டு கையையும் சேர்த்து அள்ளும் அளவுக்கு ஸ்காட்ஸில் 'கௌபன்' என்று பெயர். வீட்டு அம்மாள் மாவுப் பெட்டியைத் திறந்து அள்ளிப் பைக்குள் போடுவார். இருட்டிவிட்டால் தானியக் கொட்டகையில் வைக்கோல் படுக்கை. குளிர் அதிகமானால் அடுப்பங்கரை ஓரம்.

பதிலுக்குக் கிடைப்பது என்ன? பத்திரிகை எட்டாத பண்ணை வீடு. அடுத்த பள்ளத்தாக்கில் யார் செத்தார், யாருக்குக் கல்யாணம், சந்தையில் மாடு என்ன விலை, எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் எத்தனை தலைமுறைப் பகை, எல்லாம் இவர் வாயிலிருந்து வரும். பாட்டு வரும். எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த அம்மாள் தருமம் செய்ததாக நினைத்தாரோ இல்லையோ, ஒரு கௌபன் மாவுக்கு ஒரு ராத்திரிப் பொழுதை வாங்கிக்கொண்டார். கொடுக்கல் வாங்கல்தான்.

உண்மையாக வாழ்ந்த ஒருவரைச் சொல்ல முடியுமா?

ஆண்ட்ரூ கெம்மல்ஸ். ஸ்காட்டே இவரைப் பார்த்திருக்கிறார். 1816-ல் வெளிவந்த 'தி ஆன்டிகுவரி' நாவலில் ஈடி ஆக்கில்ட்ரீ என்று நீல அங்கியில் வருபவர் இவருடைய வார்ப்பு. கெம்மல்ஸ் பழைய ராணுவ வீரர். நல்ல உயரம், நிமிர்ந்த உடம்பு, கேலி ததும்பும் முகம். இங்கிலாந்து எல்லையை ஒட்டிய தென்பகுதிதான் அவருடைய சுற்று.

ஒரு கனவான் இவரிடம் சில்லறை வெள்ளி இல்லையே, இருந்தால் ஆறு பென்னி தந்திருப்பேனே என்று வருத்தப்பட்டாராம். 'நோட்டு இருந்தால் கொடுங்கள் ஐயா, நான் சில்லறை தருகிறேன்' என்றார் கெம்மல்ஸ்.

இன்னொரு சம்பவத்தைக் காலாஷீல்ஸ் ஊர்ப் பாதிரியார் டக்ளஸ் நேரில் பார்த்து ஸ்காட்டிடம் சொல்லியிருக்கிறார். பெரிய குடும்பத்து நிலக்கிழார் ஒருவரும் கெம்மல்ஸும் 'பிராக்' ஆடுகிறார்கள். இன்று வடக்கே தீன்பத்தி என்று ஆடுகிறார்களே, அதற்கு மூத்த சீட்டாட்டம் அது. அந்தஸ்து கெடக் கூடாதல்லவா? நிலக்கிழார் மாளிகைக்கு உள்ளே நாற்காலியில். கெம்மல்ஸ் வெளியே முற்றத்தில் ஒரு முக்காலியில். நடுவே திறந்த ஜன்னல். சீட்டு விழுவது ஜன்னல் கட்டையில். பந்தயமாக அங்கே இருந்த வெள்ளிக்காசும் கொஞ்சநஞ்சமில்லை. ஸ்காட் ஆச்சரியப்பட்டபோது டக்ளஸ், அந்த நிலக்கிழார் கொஞ்சம் வேடிக்கையான ஆள்தான், ஆனால் அந்தக் காலத்தில் கெம்மல்ஸோடு ஒரு மணி நேரம் பேசவோ ஆடவோ மதிப்பான பலரும் தயங்கியிருக்க மாட்டார்கள் என்றாராம்.

அந்த ஜன்னல் கட்டையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு முழ அகலம் இருக்குமா? அந்தச் சமூகமே அந்தக் கட்டையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. சீட்டு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே சீட்டு.

ஒரு சந்தையில் ராணுவத்துக்கு ஆள் பிடிக்கும் சார்ஜன்ட், வீரம், புகழ், கொள்ளைப் பொருள் என்று இளவட்டங்களிடம் முழங்கிக்கொண்டிருந்தார். பேச்சு உச்சத்துக்குப் போய் முடிந்த நேரம், பின்னால் நின்ற கெம்மல்ஸ் தன் மாவுப் பைகளைத் தடியின் நுனியில் மாட்டித் தூக்கிப் பிடித்து, 'இதோ பாருங்கள், அதன் முடிவு!' என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் சார்ஜன்ட் இடத்தைக் காலி செய்தார்.

தொழில் நசித்துவிட்டது என்று கடைசிக் காலத்தில் புலம்பியிருக்கிறார். ஆரம்பித்த காலத்தைவிட இப்போது வருஷத்துக்கு நாற்பது பவுண்டு குறைவாம். இருபது பிள்ளைகள் இருந்தாலும் ஒருவனைக்கூட இந்த வேலையில் விட மாட்டேன் என்றாராம். எந்தக் கைத்தொழில்காரர் வாயிலும் கேட்கிற பேச்சுதானே?

நாவலில் அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது?

கதை முழுக்கச் சொல்லவில்லை, ஒரு காட்சி போதும். பழம்பொருள் ஆராய்ச்சிப் பித்துப் பிடித்த ஓல்ட்பக், ஒரு தரிசு மேட்டை ரோமானியர் பாசறை என்று நம்பி, நல்ல விளைநிலத்தை ஏக்கருக்கு ஏக்கர் மாற்றிக் கொடுத்து வாங்கியிருக்கிறார். அந்த மேட்டில் நின்று ஓர் இளைஞனுக்கு அகழியையும் வாயிலையும் காட்டி விளக்குகிறார். பின்னாலிருந்து ஈடியின் குரல்: இதைக் கட்டினது எனக்கு ஞாபகம் இருக்கிறதே! இருபது வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக, மழைக்கு ஒதுங்கக் கட்டிய தடுப்பு அது. ஊரில் ஓர் இடம் எப்படி உருவானது என்று புத்தகம் படித்தவருக்குத் தெரியவில்லை. சுற்றி நடந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

ராஜாவே கபர்லுன்யி வேஷத்தில் திரிந்தாராமே?

ஐந்தாம் ஜேம்ஸைப் பற்றிய கதை. 1513 முதல் 1542 வரை அரசர். 'பாலங்கைக் குடியானவன்' என்று பெயர் சொல்லிக்கொண்டு மாறுவேடத்தில் குடிகளிடையே போனார் என்பார்கள். 'கபர்லுன்யி மனிதன்' என்ற பாட்டை எழுதியதும் அவரே என்பது செவிவழி. அதற்கு ஆதாரம் பலமில்லை. பாட்டு அச்சில் வந்தது கவிஞர் ஆலன் ராம்சே 1724-ல் தொடங்கிய பாட்டுத் தொகுப்பில்.

பாட்டின் கதை இப்படி. மழை ராத்திரியில் ஒரு கிழவன் தங்க இடம் கேட்கிறான். கலகலப்பாகப் பேசிப் பாடுகிறான். விடிந்து பார்த்தால் படுக்கை வெறுமை. பதறிப்போன வீட்டு அம்மாள் பெட்டிகளைத் திறந்து பார்க்கிறாள். ஒன்றும் களவு போகவில்லை. அப்பாடா என்று மகளை எழுப்பப் போனால், மகளைக் காணோம்! அவளோ வெகு தூரத்தில் அவனோடு உட்கார்ந்து புதுப் பாலாடைக்கட்டியை வெட்டித் தின்றுகொண்டிருக்கிறாள். காலை வளைத்து, கண்மேல் கறுப்புத்துணி கட்டி, நொண்டியாகவும் குருடனாகவும் நடித்து உன்னைக் காப்பாற்றுவேன் என்று அவன் வாக்குக் கொடுக்கிறான்.

எல்லாம் ரொம்ப இனிப்பாக இருக்கிறதே?

இருக்கிறது. கெம்மல்ஸ் போன்றவரை நினைவு வைத்துக்கொள்வது எளிது. நகைச்சுவை இல்லாமல் வாய்க்கால் ஓரம் செத்தவர்களுக்குப் பாட்டு இல்லை. 1690-களில் விளைச்சல் அடுத்தடுத்துப் பொய்த்தபோது ஸ்காட்லாந்தில் பஞ்சம். 1698-ல் ஆண்ட்ரூ பிளெட்சர் என்ற அரசியல்வாதி, வீடு வீடாகப் பிச்சை எடுப்பவர்கள் இரண்டு லட்சம் பேர் என்று எழுதினார். நாட்டின் மக்கள்தொகையே பத்து லட்சம் சுமார். அவர் சொன்னது குத்துமதிப்பு. அதற்கு அவர் சொன்ன மருந்து, இவர்களை நிலமுடையோரிடம் கட்டாய வேலையாட்களாக ஒப்படைத்துவிடுவது. சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்தவர் என்று பெயரெடுத்தவர்தான் இந்த பிளெட்சரும்.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-ல் மாக்லின் ஊர்ச் சாராயக்கடையில் கூடும் பிச்சைக்காரர்களை வைத்து ஒரு பாட்டுத்தொடர் எழுதினார். கையும் காலும் இழந்த சிப்பாய் போத்தலோடு பாடுகிறான். கும்மாளம்தான். ஆனால் அந்தக் கையும் காலும் போனது யாருடைய சண்டையில் என்று படிக்கிறவர் யோசிக்காமல் இருக்க முடியாது. பர்ன்ஸ் இறந்த பின், 1799-ல்தான் அந்தப் பாட்டுத்தொடர் அச்சேறியது.

தமிழில் எப்படிச் சொல்லலாம்?

'பிச்சைக்காரன்' என்று போட்டால் சொல்லில் உள்ள பிரியம் போய்விடும். 'பரதேசி' பொருத்தம்தான், வேற்று ஊரிலிருந்து வருபவன் என்ற பழைய பொருளில். இன்றைக்கு அது வசவு. 'ஆண்டி', 'பண்டாரம்' என்றால் திருநீறு வந்துவிடும். 'இரவலர்' அழகான சொல், பாடிப் பரிசில் பெறுவதும் அதில் உண்டு. ஆனால் அதைக் கேட்டதும் புறநானூறு எதிரே வந்து நின்றுவிடுகிறது. முதல்முறை வரும் இடத்தில் 'ஊர்சுற்றி இரவலர்' என்று ஒருதரம் விளக்கிவிட்டு, பிறகு கபர்லுன்யி என்றே விட்டுவிடுவேன். ஸ்காட்லாந்துக்காரர்களே பாதிப் பேர் அகராதி பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

வழக்கம் எப்போது நின்றது?

1833-க்குப் பிறகு புதிதாக யாரையும் பீட்ஸ்மன் ஆக்கவில்லை. இருந்தவர்களுக்கு ஆயுள் வரை படி உண்டு. கடைசி நீல அங்கிக்காரர் எடின்பரோ கருவூலத்தில் தன் படியை வாங்கியது 1863-ல். இடையில், 1845-ல் ஸ்காட்லாந்து ஏழைகள் சட்டம் வந்து உதவி வழங்குவதைத் தனி வாரியங்களிடம் ஒப்படைத்தது.

கெம்மல்ஸின் கல்லறையைப் பார்க்க முடியுமா?

கெல்சோவுக்குப் பக்கத்தில், டெவியட் ஆற்றோரம், ராக்ஸ்பரோ என்ற சின்ன ஊரின் தேவாலய முற்றத்தில் இருக்கிறது. 1793-ல் 106 வயதில் இறந்தார் என்று கல்லில் போட்டிருக்கிறது. செத்தபோது வைத்த கல் இல்லை அது. நாவல் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1849-ல் அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் செலவில் நட்டது. 'கனவான் பிச்சைக்காரர் ஆண்ட்ரூ கெம்மல்ஸ்' என்று எழுதி, பக்கத்திலேயே 'என்கிற ஈடி ஆக்கில்ட்ரீ' என்று ஸ்காட் கொடுத்த பெயரையும் வெட்ட வைத்திருக்கிறார்.